இரண்டு ஊர், ஒரே ஆறு

கோவையில் ஜாகை பார்ப்பதா, திருப்பூரிலா என்று உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறதா? முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள், சகோதரி!

சிறுவாணித் தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் ஓயமாட்டார்கள். ஒரு வாய் குடித்தால் அது வெறும் ஊர்ப் பெருமை அல்ல என்று தெரியும். (எல்லாப் பேட்டைக்கும் அது வருவதில்லை, பில்லூர்த் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு.) கல்லூரி, ஆஸ்பத்திரி சௌகரியங்களுக்கும் குறைவில்லை.

கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் திருப்பூர். அங்கே நிதானமாக நடப்பவரைக் காண்பது அபூர்வம்! பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், மடிப்பு என்று பெண்களுக்கு வேலை காத்திருக்கிறது. சொந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்கள் அங்கே ஏராளம்.

ஆனால் ஆறு? வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையின் சாக்கடையைச் சுமந்துகொண்டுதான் திருப்பூருக்கு வருகிறது. அங்கே சாயக்கழிவும் கலந்தது. கீழே ஒரத்துப்பாளையம் அணையை நம்பிய உழவர்களின் நிலம் பாழாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்தவை பிறகு திறந்தன.

என் அபிப்பிராயம்? குழந்தைகள் படிக்கும் வயதென்றால் கோவை. இருவர் சம்பளம் அவசியமென்றால் திருப்பூர். ஆனால் அட்வான்ஸ் கொடுக்குமுன், எத்தனை நாளைக்கொரு தரம் குடிதண்ணீர் வருகிறதென்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.