ஹாலே: உப்பு நகரத்தில் தமிழ் ஓலை

ஜெர்மனிக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பெர்லின், மியூனிக், ரைன் நதியில் படகுச் சவாரி என்று திட்டம் போடுவார்கள். ஹாலே என்ற ஊரின் பெயர் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்காது. லைப்சிக் நகரிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். சாலே என்ற நதியின் கரையில் உள்ள பழைய ஊர். தமிழர்கள் ஒருமுறையாவது அங்கே போய் இரண்டு மூன்று மணி நேரம் கால்நடையாகச் சுற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐரோப்பிய நகரங்களில் வழிகாட்டியோடு நடந்தே ஊர் பார்ப்பது நல்ல வழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் வழிகாட்டி கிளம்பிவிடுவார். எங்களை அழைத்துப் போன அம்மாள் நதிக்கரையில் ஆரம்பித்தார்.

உப்பும் நதியும்

ஹாலேயின் செல்வம் உப்பு. நம் தூத்துக்குடி, வேதாரண்யம் போலக் கடல்நீரை வெயிலில் காய வைத்து எடுக்கிற உப்பு இல்லை. ஊருக்கு நடுவே இருந்த கிணறுகளில் உப்புநீர் ஊறியது. அதை இறைத்துப் பெரிய தட்டையான பாத்திரங்களில் ஊற்றி, விறகு எரித்துக் காய்ச்சினார்கள். அதற்கு வேண்டிய விறகு சாலே நதியில் மிதந்து வந்தது. வெயில் குறைந்த நாட்டில் நதிதான் உப்பை விளைவித்தது என்றே சொல்லலாம்.

உப்புக் காய்ச்சுபவர்களுக்கு ஹலோரன் என்று பெயர். அவர்களுடைய சகோதர சங்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. இன்றும் விழாக்களில் பழைய உடுப்போடு வருகிறார்கள். பழைய உப்புக் கிணறுகள் இருந்த இடம் இப்போது ஹால்மார்க்ட் என்ற சதுக்கம். அங்கிருந்து படியேறினால் பெரிய சந்தைத் திடல்.

ஐந்து கோபுரங்கள்

திடலில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். தனியாக நிற்பது 84 மீட்டர் உயரமுள்ள சிவப்புக் கோபுரம். மற்ற நான்கும் சந்தைத் தேவாலயத்தைச் சேர்ந்தவை. ஒரே கோயிலுக்கு ஏன் இப்படி இரண்டு ஜோடி என்று கேட்டேன். “இரண்டு பழைய தேவாலயங்கள் அடுத்தடுத்து இருந்தன. 1529-ல் நடுப்பகுதிகளை இடித்தார்கள், கோபுரங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். நடுவில் புதுக் கூடம் கட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்” என்றார் வழிகாட்டி. நம் ஊரில் மொட்டைக் கோபுரம் பார்த்திருக்கிறோம். கோபுரத்தை வைத்துக்கொண்டு கோயிலை மாற்றியதை இங்கேதான் பார்த்தேன்.

திடலின் நடுவே இசைமேதை ஹேண்டலின் சிலை, 1859-ல் வைத்தது. அவர் 1685-ல் இந்த ஊரில் பிறந்தவர். 1703-ல் பிழைப்புத் தேடி ஹாம்பர்க் போனார். அதே 1703-ல் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த ஒரு இளைஞர்தான் நம் கதைக்கு வேண்டியவர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க்.

அனாதை இல்லம்

திடலிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பிராங்கே அறநிலையம். 1695-ல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியாரின் உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் சேர்ந்தன. அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-ல் அனாதை இல்லத்துக்கு அஸ்திவாரம் போட்டார். மருந்துக்கடை, அச்சுக்கூடம், புத்தகக்கடை எல்லாம் வைத்து அந்த வருமானத்தில் நிலையத்தை நடத்தினார். 1727-ல் அவர் காலமானபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள்.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், தஞ்சாவூர்ச் சீமையில் தம் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மதபோதகர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்கும் அவர் நண்பர் புளூட்சௌவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்க் எழுபது வயது வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி ‘அ, ஆ’ கற்றார். அப்போது அவருக்கு வயது 24.

இரண்டே ஆண்டுகளில், 1708-ல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விவரப் பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் ஹாலேயில் அச்சானது.

தமிழ் எழுத்துகளையும் ஹாலேயில்தான் வார்த்தார்கள். எழுத்து மாதிரிகள் கப்பலில் போயின; தமிழ் தெரியாத கைகள் அவற்றைப் பார்த்து அச்சு செய்தன; 1713-ல் அவை தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. தமிழில் முதல் அச்சு இது இல்லை. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஹாலே எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகச் செலவாயிற்று. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகள் வார்க்க வேண்டியதாயிற்று.

மாடியில் இருப்பவை

அனாதை இல்லத்தின் மேல்மாடியில் ஒரு பொருட்காட்சி அறை உண்டு. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. 18-ம் நூற்றாண்டில் செய்த, வண்ணம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, பவளம், தெய்வ உருவங்கள், ஓலைச்சுவடிகள் என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவை இருக்கின்றன. “இது மலபாரி எழுத்து” என்றார் வழிகாட்டி. “அம்மா, அது தமிழ்” என்றேன். “ஆமாம், அந்தக் காலத்தில் இங்கே தமிழை அப்படித்தான் சொல்வார்கள்” என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. பழைய ஜெர்மன் நூல்களில் நாமெல்லாம் ‘மலபாரிகள்’தான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் தமிழ் கற்றது நம்மை மதம் மாற்றுவதற்காக. சீகன்பால்க் 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். சிலை வழிபாட்டை ஒழிக்கத்தானே போனார், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கா என்ற எண்ணம் அங்கே இருந்தது. நூல் அச்சேறவில்லை. 154 வருஷம் கழித்து, 1867-ல் சென்னையில்தான் அது வெளிவந்தது. ஆனால் அச்சிட மறுத்தவர்கள் அந்தக் கையெழுத்துப் பிரதியை எறிந்துவிடவில்லை. ஒத்துக்கொள்ளாத விஷயத்தையும் பத்திரமாக வைத்தார்கள். நன்றியும் வருத்தமும் ஒன்றாகத் தோன்றுகிற இடம் இது.

அதைவிட என் மனத்தில் தங்கியது 99 கடிதங்கள். 1712 முதல் 1714 வரை, போதகர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்கள். ஹாலேயில் 55 கடிதங்கள் 1714-லும், 44 கடிதங்கள் 1717-லும் ஜெர்மன் மொழியில் அச்சாயின. படிப்பு, கல்யாணம், வைத்தியம், வழிபாடு எல்லாம் அதில் உண்டு. “உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், பசுவைத் தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, உங்களை எப்படிப் பின்பற்றுவது?” என்ற பொருளில் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அன்றைய நம் ஜனங்கள் வெளிநாட்டானுக்கு வாய்பொத்தி நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் எழுதியவர்கள் பெயர் அந்த அச்சில் இல்லை. சீகன்பால்கின் துபாஷியாக இருந்த அழகப்பன்தான் இவற்றில் பலவற்றை எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மற்றவர்கள் வெறும் ‘ஒரு மலபாரி’யாகவே நின்றுவிட்டார்கள். 1714-ல் சீகன்பால்கோடு கப்பலேறி ஐரோப்பா போன மலையப்பனைப் பற்றியும் நமக்கு எவ்வளவு தெரியும்? கேட்டவர் பெயர் நிற்கிறது, சொன்னவர் பெயர் போய்விட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. தாத்தா ஊரிலிருந்து எழுதிய இன்லண்ட் கடிதங்கள் எத்தனை வீட்டில் பரண்மேல் கிடக்கின்றன! அடுத்த தலைமுறைக்கு அதை வாசிக்கத் தெரியாது. யார் எழுதியது என்பதும் மறந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதியவர் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் குறித்து வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். இருபத்து நான்கு வயதில் ஒருவர் மணலில் எழுதிக் கற்றிருக்கிறாரே!

ஹாலே போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: சந்தைத் திடலோடு திரும்பிவிடாதீர்கள். அனாதை இல்லத்தின் மாடிப்படி கொஞ்சம் அதிகம்தான்; மெதுவாக ஏறுங்கள்.