பனிச்சறுக்குவோர்க்குத் தனி மீட்புக் காப்புறுதி வேண்டுமா?

வருமுன் காப்பது அறிவுடைமை. ஆயினும், பயணக் காப்புறுதி கையிலிருக்க மீட்புக்கெனத் தனிக் காப்புறுதி எற்றுக்கு என வினவுவோர் உளர். ஐரோப்பாவில் வாழும் நம் பழைய மாணவர் பலர் குளிர்காலத்திற் பனிச்சறுக்கச் செல்வராதலின், இதனை ஈண்டு ஆராய்வாம்.

வைத்தியச் செலவு வேறு. மலைச்சரிவினின்றும் வைத்தியசாலை வாயில்வரை கொணரும் செலவு வேறு. பிரான்சிலே, 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டம், பனிச்சறுக்கு விபத்தில் மீட்கப்பட்டாரிடம் அச்செலவை அறவிடும் உரிமையை ஊராட்சிகளுக்கு அளித்தது. ஆங்கு நாட்கணக்கில் விற்கப்படும் 'கரே நேஜ்' என்னும் காப்புறுதி அதனை ஏற்கும். சுவிற்சர்லாந்தில் 1952இல் தோன்றிய 'ரேகா' என்னும் வான்மீட்பு நிறுவனமும் மீட்புக்குக் கட்டணம் அறவிடும். ஆண்டுச் சந்தா செலுத்தும் ஆதரவாளர்க்கு, வேறு காப்புறுதி ஏற்காத தொகையை அது விட்டுக்கொடுக்கலாம்; அது சலுகையேயன்றி உரிமையன்று.

ஆதலின், பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் மூன்றை நோக்குக: மலைமீட்பும் ஹெலிகொப்டரும் வெளிப்படையாகக் கூறப்பட்டுளவா? உச்சத்தொகை போதுமா? குறித்த பாதைக்கு அப்பாற் சறுக்குவதாயின், அதுவும் அடங்குமா? மூன்றும் நிறைந்திருப்பின் மேலதிகக் காப்புறுதி வீண்செலவே. ஒன்றேனும் குறையின், அதனை நிரப்பிக்கொண்டே புறப்படல் வேண்டும். கால் முறிந்து பனியிற் கிடப்பவன் செலவை எண்ணி உதவி அழைக்கத் தயங்குவானாயின், அத்தயக்கமே உயிர்க்கு இறுதியாகலாம்.