நஷ்டத்துக்கு விற்கும் கேம் பெட்டி... லாபம் எங்கிருந்து வருது?

செய்ய ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு ஒரு பொருளை விற்றால் கடையை மூட வேண்டியதுதானே? கேம் கன்சோல் பிசினஸில் கதையே வேற.

2006-ல் சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ இறக்கியது. 60 ஜிபி மாடல் 599 டாலர். அதைப் பிரித்து உதிரிபாகங்களைக் கணக்குப் போட்ட ஐசப்ளை ஆய்வு நிறுவனம், தயாரிப்புச் செலவே சுமார் 840 டாலர் என்றது. ஒரு பெட்டி விற்றால் 240 டாலர் காலி! புதிதாக வந்திருந்த புளூ-ரே டிரைவும் செல் சிப்பும்தான் செலவை ஏற்றிவிட்டன.

அப்புறம் ஏன் விற்கிறார்கள்? பெட்டி வெறும் நுழைவுச் சீட்டுதான். அவர்களது டிஜிட்டல் ஸ்டோரில் யாருடைய கேம் விற்றாலும், வழக்கமாக 30 சதவீதம் கன்சோல் கம்பெனிக்குப் போகும். ஆன்லைனில் நண்பர்களோடு விளையாட சந்தா தனி. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று 2021-ல் எபிக் - ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சியே சொன்னார். நின்டெண்டோ ரூட் மட்டும் வேற. ஏற்கெனவே சந்தையில் இருந்த மொபைல் சிப்பை வைத்து, 2017-ல் ஸ்விட்சை ஆரம்பத்திலிருந்தே நஷ்டமில்லாமல் விற்றது.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு ஆதாயம் இருந்தது. வருடம் போகப் போக சிப் செலவு குறையும், பெட்டி விலையும் இறங்கும். இப்போது அது தலைகீழ். சிப் செலவு முன்புபோல இறங்குவதில்லை. 2020-ல் 499 டாலருக்கு வந்த டிஸ்க் வைத்த பிஎஸ்5, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 549 டாலரைத் தாண்டியது. இந்தியாவிலோ 49,990 ரூபாய்க்கு வந்தது, 2022-லேயே 54,990 ஆகிவிட்டது. ‘விலை குறையட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று காத்திருந்தவர்களுக்குத்தான் அடி.