விரிசல் விட்ட மக்னீசியம்



மக்னீசிய நாடாவில் தீயிட்டதும் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி எழுவதை நீங்கள் வகுப்பறையில் கண்டிருப்பீர்கள். ஆசிரியத் தொழிலில் இருந்த நாளெல்லாம் அந்தச் சோதனையை நான் ஆண்டுதோறும் செய்துகாட்டி வந்தேன். எரியும் இயல்புடைய அவ்வுலோகத்தால் மோட்டார் வண்டிக்கு என்ஜின் செய்வார்களா? செய்தார்கள். அதில் விரிசல் விட்டால் நெருப்பின் துணைகொண்டே ஒட்டவும் செய்கிறார்கள். அது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

ஜெர்மனியில் தோன்றிய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டு மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அதன் என்ஜின் வண்டியின் பின்கோடியில் அமைந்தது. அங்கே பாரம் மிகுவது நன்றன்று. ஆகவே ‘கிராங்க் கேஸ்’ என்னும் என்ஜின் உறையை மக்னீசியக் கலவையால் வார்த்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை ஏறத்தாழ 7.9 கிராம், அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியமோ 1.74 கிராம்தான்.

ஆனால் பல்லாண்டு சூடேறியும் ஆறியும் அதிர்ந்தும் உழைத்த உறையில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவதுண்டு. பீட்டிலில் மூன்றாம் சிலிண்டருக்கு அருகே, ஃபிளைவீலின் பின்புறம் இது மிகுதியாகக் காணப்படும். அவ்வழியே எண்ணெய் கசியும். உறையை எறிந்துவிடலாமே என்பீர்கள். வண்டியின் மூல என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அவ்வுறையின்மீதுதான். உறை போனால் பழைய வண்டியின் அடையாளமும் போய்விடும்.

ஒட்டுவதில் இடர் யாது? காய்ச்சிய மக்னீசியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் ஆவலோடு கூடும். கனத்த கட்டி எளிதில் தீப்பற்றாது. வெப்பம் அதனுள் பரவிவிடும். மெல்லிய சீவலும் தூளும் நொடியில் பற்றிக்கொள்ளும். அந்நெருப்பில் நீரை ஊற்றலாகாது. எரியும் மக்னீசியம் நீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளிப்படுத்தும். தீ மேலும் ஓங்கும். 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் மக்னீசியக் கலவை உடல் கொண்ட கார் எரிந்தபோது, ஊற்றிய நீர் தீயை வளர்த்தது. உலர்ந்த மணலே இதற்கு ஏற்றது.

வழியொன்று பிறந்தது. 1941-இல் அமெரிக்க நார்த்ராப் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித், டங்ஸ்டன் முனையில் மின்பொறியை எழுப்பி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் பாய்ச்சி, மக்னீசியத்தைப் பற்றவைத்தார். ஹீலியம் எதனுடனும் கூடாத வாயு. இன்று பெரும்பாலும் ஆர்கான் வாயு அப்பணியைச் செய்கிறது.

பணியின் முறையைக் கேளுங்கள். முதலில் எண்ணெய்ப் பசை அறவே நீங்கக் கழுவுவார்கள். வண்ணத் திரவத்தைப் பூசித் துடைத்து, வெண்பொடி தூவினால், விரிசல் முழுவதும் கோடாகத் தெரியும். அதன் முடிவில் சிறு துளையிடுவார்கள். விரிசல் மேலே ஓடாது. பிறகு விரிசலைப் பள்ளமாகச் செதுக்கி, உறையைச் சீராகச் சூடேற்றி, மக்னீசியக் கம்பியை உருக்கி நிரப்புவார்கள். உலோகம் 650 பாகை செல்சியசில் உருகும். அதன்மீது படியும் ஆக்சைடோ 2,800 பாகை அளவில்தான் உருகும். அந்தப் படலத்தை உடைக்கவே மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். இறுதியில் மெல்ல ஆறவிட்டு, தாங்கிகள் அமரும் துளைகள் நேராக உள்ளனவா என்று அளந்து, திரிந்திருந்தால் மீண்டும் கடைவார்கள்.

மாணவர்களே, மக்னீசியத்தின் இயல்பை எவரும் மாற்றவில்லை. அது கூடத் துடிக்கும் பிராணவாயுவை அருகே வாராமல் விலக்கினார்கள், அவ்வளவே. பொருளின் குணத்தை அறிந்தவன் கையில் அதன் அச்சமும் அடங்குகிறது. அறியாதவனோ அணைக்க ஊற்றும் நீராலேயே தீயை வளர்த்துவிடுகிறான். நூலில் கற்கும் வேதியியல் பட்டறையில் உயிர் காக்கும் கல்வி என்பதை உணர்வீர்களாக.