மூன்று நிமிடத்தின் கணக்கு

உட்கார் தம்பி, டீ சொல்லியிருக்கிறேன். நீ அனுப்பிய ஆட்டங்களைப் பார்த்து முடித்தேன். எல்லாமே ஆன்லைனில் ஆடிய மூன்று நிமிட பிளிட்ஸ். ஜெயித்ததை மட்டும் பொறுக்கி அனுப்பாமல் தோற்றதையும் சேர்த்து அனுப்பினாய் பார், அதனால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. ரேட்டிங் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேட்டாய். அதற்கு வருகிறேன். முதலில் உன் ஆட்டத்தில் நன்றாக இருப்பது எது என்று தெரிந்துகொள். மற்றதை மாற்றும்போது அதன் மேல் கை வைத்துவிடக் கூடாது.

உனக்கு அடிக்கும் கண் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் எதிராளியின் ராஜா ஜி8-இல், ராணி டி7-இல். எஃப்6-இல் குதிரை இறங்கினால் இரண்டும் ஒரே அடியில் மாட்டும். தடுப்பது ஜி7 சிப்பாய் ஒன்றுதான். நீ யானையால் எச்6 சிப்பாயை வெட்டினாய். அவர் யோசிக்காமல் ஜி7 சிப்பாயால் யானையைத் திருப்பி வெட்டினார். எஃப்6-க்குக் காவல் போனது, குதிரை இறங்கியது, ராணி உன் கைக்கு வந்தது. இதற்கு நீ எடுத்துக்கொண்ட நேரம் மூன்று விநாடி. இதைச் சொல்லிக்கொடுத்து வரவழைப்பது கஷ்டம். உனக்கு வந்திருக்கிறது, சந்தோஷம்.

அந்த மூன்று விநாடியில் நீ கணக்குப் போடவில்லை. அந்த அமைப்பு உனக்கு முன்பே தெரியும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்துப் பார்த்து 1973-இல் எழுதினார்கள். நிஜமான ஆட்டத்தில் வந்த ஒரு நிலையை ஐந்து விநாடி மட்டும் காட்டி, மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். கைதேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். புதிதாக ஆடுபவரால் ஒரு சிலவற்றைத்தான் வைக்க முடிந்தது. பிறகு அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது இருவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைதேர்ந்தவருக்குத் தனியாக ஞாபகசக்தி எதுவும் இல்லை. அவர் காய்களைக் கூட்டம் கூட்டமாக, பழகிய அமைப்பாகப் பார்க்கிறார். பிளிட்ஸ் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. பழகிய அமைப்பு வந்தால் வேகமாக ஆடுகிறாய். பழகாதது வந்தால் கடிகாரம் உன்னைத் தின்கிறது.

நம் ஊர் ஆனந்த் வளர்ந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடுவார்கள். ஜெயித்தவர் நாற்காலியை விடமாட்டார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். மறுபடி உட்கார வேண்டும் என்றால் ஜெயித்தே ஆக வேண்டும். அங்கிருந்து வந்த பையனைத்தான் உலகம் பிறகு மின்னல் சிறுவன் என்றது. 2017-இல் ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 48. வேகம் விரலில் இருந்திருந்தால் அந்த வயதில் இருபது வயதுப் பையன்கள் அவரை ஓட்டியிருப்பார்கள். தலைக்குள் சேர்ந்திருந்த அமைப்புகள்தான் அவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தின.

இனி உன் பிரச்சினைக்கு வருவோம். கறுப்பில் ஆடும்போது எதிராளி டி4 ஆடினால் நீ உடனே இ5 என்று சிப்பாயைக் கொடுக்கிறாய். எங்லண்ட் கேம்பிட். அவர் வெட்டுகிறார், உன் குதிரை சி6, அவர் குதிரை எஃப்3, உன் ராணி இ7. அவர் சிப்பாயைக் காக்க பிஷப்பை எஃப்4-இல் வைக்கிறார். ராணி பி4-க்குப் போய்ச் செக் சொல்கிறது. அதே நேரத்தில் எஃப்4 பிஷப்பும் பி2 சிப்பாயும் அடி வாங்குகின்றன. அவர் பிஷப்பை டி2-க்கு இழுக்க, நீ பி2-ஐ வெட்டுகிறாய். இப்போது மூலை யானைக்கு ஆபத்து என்று பதறி அவர் பிஷப்பை சி3-இல் வைத்தால் ஆட்டம் முடிந்தது. உன் பிஷப் பி4, அவர் ராணி டி2, நீ சி3-இல் வெட்டுகிறாய், அவர் ராணி திருப்பி வெட்ட, உன் ராணி சி1-இல் இறங்கி செக்மேட். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஜெயித்த ஆட்டங்களில் பல இப்படி முடிந்தவை.

ஆனால் அந்த இடத்தில் அவர் பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை சி3-இல் வைத்தால்? பி1 கட்டம் காலியாகிவிடும். டி1-இல் இருக்கும் ராணி அங்கிருந்தே மூலை யானையைக் காக்கும். அடுத்து அந்த யானை பி1-க்கு வந்து உன் ராணியைத் துரத்தும். குதிரை டி5-க்கோ பி5-க்கோ பாய்ந்து சி7-ஐக் குறிவைக்கும். உன் காய்கள் பாதி இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது. இது தெரிந்த ஆட்களைத்தான் நீ இப்போது நிற்கும் ரேட்டிங்கில் சந்திக்கிறாய். அவர்களிடம் அடுத்தடுத்து தோற்கிறாய், கீழே இறங்குகிறாய், அங்கே பொறியில் விழும் ஆட்கள் கிடைக்கிறார்கள், திரும்ப ஏறுகிறாய். உன் ரேட்டிங் வரைபடம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

டி4-க்கு ஸ்லாவ் ஆடு. அதாவது டி5, சி6. இ4-க்குக் காரோ-கான், சி6, பிறகு டி5. இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிப்பாய்களின் எலும்புக்கூடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் கற்ற அமைப்பு மற்றதிலும் கை கொடுக்கும், கற்கும் நேரம் பாதியாகும். எங்லண்டை இதைவிட வேகமான புல்லட் ஆட்டத்தில் வேண்டுமானால் வைத்துக்கொள்.

அடுத்தது கடிகாரம். நான் பெரிதாக நினைப்பது இதைத்தான், கவனமாகக் கேள். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. நாற்பது நகர்த்தலில் முடியும் ஆட்டம் என்றால் ஒன்றுக்கு நாலரை விநாடி. அறுபது வரை இழுத்தால் மூன்று விநாடி. இந்தக் கணக்கை மனதில் வைத்து உன் ஆட்டங்களைத் திறந்து பார். எந்த நகர்த்தலுக்கு எத்தனை விநாடி போயிற்று என்று லிசெஸ், செஸ்.காம் இரண்டுமே காட்டுகின்றன. நீ ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை என்று நினைக்கிறேன். இன்ஜின் எங்கே சிவப்புக் குறி போட்டிருக்கிறது என்று மட்டும்தான் பார்த்திருப்பாய்.

ஒன்றைக் காட்டுகிறேன். பதினேழாவது நகர்த்தல். யானையை டி1-இல் வைப்பதா, சி1-இல் வைப்பதா? அதற்கு 38 விநாடி. இரண்டுமே நல்ல இடம். இன்ஜினிடம் கேட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்புதான் சொல்லும். அந்த 38 விநாடி கடைசியில் இருந்திருந்தால் போதும். ஒரு பிஷப் கூடுதலாக வைத்துக்கொண்டு டைம் முடிந்து தோற்றாய். இன்ஜின் அந்தப் பதினேழாவது நகர்த்தலுக்குக் குறை எதுவும் சொல்லாது, ஏனென்றால் அது காயை மட்டும் பார்க்கிறது. நீ ஆட்டத்தைத் தோற்றது அங்கேதான்.

“அப்ப யோசிக்கவே கூடாதா மாமா?” என்கிறாய். யோசிக்கத்தான் வேண்டும், இடம் பார்த்து. காய்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது யோசி. சிப்பாய்களை மாற்றப் போகிறாய், மாற்றினால் கோடு திறக்கும் என்றால் யோசி, வெட்டிய சிப்பாய் திரும்பி வராது. உன் ராஜாவைச் சுற்றி ஆள் சேர்கிறது என்றால் யோசி. இந்த இடங்களில் பத்து, பதினைந்து விநாடி செலவழிப்பது சரி. அமைதியான நிலையில் இரண்டு நல்ல நகர்த்தல்களுக்கு நடுவில் தடுமாறினால், முதலில் தோன்றியதை ஆடிவிட்டுப் போ. திருச்சூர்க்காரர் நிஹால் சரினின் ஆன்லைன் ஆட்டங்களை எடுத்துப் பார். 2020-லும் 2021-லும் ஜூனியர் ஸ்பீடு செஸ் பட்டத்தை வென்றவர். பெரிய தியாகம், பெரிய சாகசம் எல்லாம் குறைவு. காயை நல்ல கட்டத்தில் வைக்கிறார், அடுத்ததை வைக்கிறார், எதிராளி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது இவரிடம் நேரம் மிச்சமிருக்கும்.

நேரம் தீரப்போகும்போது ஒன்றை மறக்காதே. உன் டைம் முடியும்போது எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் அது டிரா, தோல்வி இல்லை. ஆகவே ஐந்து விநாடி மிச்சம், காயில் மேலே இருக்கிறாய் என்றால் செக்மேட்டைத் தேடி ஓடாதே. அவருடைய கடைசிச் சிப்பாயை முதலில் வெட்டு. அந்த பிஷப் ஆட்டத்தில் அவரிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் இருந்தது, ஏ பக்கத்தில், காவல் இல்லாமல். அதை விட்டுவிட்டு ராஜாவைத் துரத்தினாய்.

எதிராளி ஆடும் முன்பே அடுத்த நகர்த்தலைப் போட்டு வைக்கும் ப்ரீமூவ் உனக்கு நன்றாக வருகிறது. லிசெஸில் ப்ரீமூவுக்கு நேரமே போகாது, செஸ்.காமில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு போகும். எதிராளி வெட்டினால் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் தாராளமாகப் போடு. ஓப்பனிங்கில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடாதே. ஜி6, அடுத்து பிஷப் ஜி7 என்று வரிசையாகப் போட்டு வைக்கும் பழக்கம் உன்னிடம் இருக்கிறது. அதைக் கண்டுகொண்ட ஒருவர் இரண்டாவது நகர்த்தலிலேயே தன் பிஷப்பை எச்6-இல் கொண்டுவந்து வைத்தார். நீ பார்த்து ஆடியிருந்தால் அதை இலவசமாக வெட்டியிருப்பாய். ப்ரீமூவ் உன் பிஷப்பை ஜி7-க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் வெட்டினார், கூடவே மூலை யானையும் மாட்டிக்கொண்டது. புல்லட் ஆட்டக்காரர்களுக்கு இது பழைய தந்திரம்.

எண்ட்கேம் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உன் ஆட்டத்தில் பெரிய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. ராணியை வைத்துத் தனி ராஜாவை செக்மேட் செய்ய, எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் பத்து நகர்த்தல். யானையை வைத்து என்றால் பதினாறு. இரண்டையும் பதினைந்து விநாடிக்குள் முடிக்கிற அளவுக்குக் கை பழக வேண்டும். அதற்கு அடுத்தது யானை எண்ட்கேம், பிளிட்ஸில் அடிக்கடி வருவது. ஆளுக்கு ஒரு யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல், உன் ராஜா அந்தச் சிப்பாய்க்கு எதிரே நிற்கிறது. இந்த நிலையில் நீ ஒவ்வொரு முறையும் தோற்கிறாய். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் பிலிதோர் இதற்கு டிரா வழி காட்டிவிட்டார். உன் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்து. அவருடைய ராஜா அந்த வரிசைக்கு வர முடியாது. வேறு வழியில்லாமல் அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய உடனே யானையைப் பலகையின் மறு கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இரு. அவருடைய ராஜா ஒளிந்துகொள்ள அந்தச் சிப்பாயின் நிழல் இனி இல்லை. ஆட்டம் டிரா. கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும், எத்தனையோ அரைப் புள்ளிகள் வந்து சேரும்.

இன்னொரு விஷயம். மூன்று நிமிடம் மட்டும் இருக்கும் ஆட்டத்தைக் குறைத்து, மூன்று நிமிடமும் நகர்த்தலுக்கு இரண்டு விநாடி கூடுதலும் கொடுக்கும் ஆட்டத்தை ஆடு. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் அதே அளவுதான். நகர்த்தலுக்கு நேரம் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1980-களின் கடைசியில் காப்புரிமை வாங்கினார். 1992-இல் ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அந்தக் கடிகாரத்தில்தான் ஆடினார். ஜெயிக்க வேண்டிய நிலையை ஒருவர் வெறும் கடிகாரத்தால் இழக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். உனக்கு அது பொருந்தும். இரண்டு விநாடி கிடைத்தால் பிலிதோர் நிலையை நிதானமாகக் காப்பாற்ற முடியும், யானை செக்மேட்டை முடிக்க முடியும். கற்றது பலகையில் வர ஆரம்பிக்கும்.

ராத்திரி ஆட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோற்ற ஆட்டங்களின் நேரத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று தோற்றதும் அடுத்த சில விநாடியில் புது ஆட்டம் ஆரம்பித்திருக்கிறாய். போன புள்ளியை உடனே மீட்க வேண்டும் என்ற கோபத்தில் அடிக்கும் கண்கூட வேலை செய்யாது. அந்த நேரத்து ஆட்டங்களில் ஒரு நகர்த்தலில் வரும் ஃபோர்க்கையே தவறவிட்டிருக்கிறாய். இரண்டு தொடர்ந்து தோற்றால் போனை வைத்துவிடு. மறுநாள் ஆடலாம்.

ஓப்பனிங்கை மாற்றியதும் ரேட்டிங் கொஞ்ச நாள் இறங்கும். பொறியால் வந்த வெற்றிகள் நின்றுவிடும், புதிய அமைப்புகள் இன்னும் கண்ணில் பதிந்திருக்காது. அந்த இறக்கத்தைப் பார்த்து எங்லண்டுக்குத் திரும்பி ஓடிவிடாதே. ஒவ்வொரு நாளும் தோற்ற ஆட்டங்களில் ஒன்றை மட்டும் எடு. இன்ஜினைத் திறக்கும் முன் கடிகார வரைபடத்தைத் திற. அதிக நேரம் போன மூன்று நகர்த்தல்களைக் குறித்துக்கொள். பக்கத்தில் ஒரு வரி எழுது: அங்கே யோசிக்க வேண்டிய காரணம் இருந்ததா, இல்லையா. அடுத்த மாதம் அந்த நோட்டைக் கொண்டு வா, ரேட்டிங் எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன்.