மீட்டரில் 28,000… உண்மையில் ஓடியது எவ்வளவு?



கறவை மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் மட்டும் கடன் கேட்ட காலம் போய், இப்போது நம் குழுக்களில் பழைய லோடு ஆட்டோ, பழைய டிராக்டர், பழைய ஸ்கூட்டி வாங்கவும் மனு வருகிறது. மகன் ஓட்டுவான், வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றினால் தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். நல்ல கணக்குதான். ஆனால் மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம், எத்தனையாவது ஈத்து என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வண்டி வாங்கப் போனால் மட்டும் மீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி விடுகிறோம்.

"டாக்டர் வச்சிருந்த வண்டிக்கா, 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, நீங்களே மீட்டரைப் பாருங்க" என்று புரோக்கர் சொல்வார். மீட்டரும் அதையேதான் சொல்லும். ஏனென்றால் அதை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

90,000 கி.மீ. ஓடிய வண்டியை 28,000 என்று காட்டினால் விலை கூடும். அந்தக் கூடுதல் விலை நம் குழுக் கடனிலிருந்து போகிறது. அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. வாங்கிய நாலாம் மாதம் கிளட்ச் போகும், அப்புறம் இஞ்சின் வேலை வரும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற மாதத்திலும் தவணைத் தேதி நிற்காது. அந்தச் சகோதரி கட்ட முடியாமல் போனால் வங்கி குழுவைத்தான் கேட்கும். மற்ற உறுப்பினர்களின் சேமிப்பும் சேர்ந்துதான் மாட்டிக்கொள்கிறது.

மீட்டரை எப்படி மாற்றுகிறார்கள்? முள் ஓடுகிற பழைய மாதிரி மீட்டருக்குச் சக்கரத்திலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ ஒரு கேபிள் வரும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி எவ்வளவு ஓடினாலும் எண் நகராது. சில பேர் மாதக்கணக்கில் கழற்றிப் போட்டே ஓட்டுவார்கள், விற்கும்போது மாட்டிவிடுவார்கள். இன்னும் சிலர் மீட்டரையே பிரித்து எண் சக்கரத்தைத் திருப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பினால் சில நேரம் எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும்.

"இது டிஜிட்டல் மீட்டராச்சே, இதுல கை வைக்க முடியாது" என்று நம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். அது தப்பு. டிஜிட்டல் மீட்டரில் அந்த எண் ஒரு சின்ன சிப்பில் பதிவாகியிருக்கிறது. அதற்கென்று உள்ள கருவியை வண்டியில் செருகி வேண்டிய எண்ணைப் பதிந்துவிட முடியும். பழைய மீட்டரைப் பிரிக்கவாவது ஸ்க்ரூ கழற்ற வேண்டும், அடையாளம் இருக்கும். இதில் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் சில வண்டிகளில் இதே எண் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் பெட்டியிலும் பதிவாகியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

சரி, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு ஒரு லோடு ஆட்டோ தினம் ஒரு தடவை போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர சுமார் 50 கி.மீ. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 15,000. ஆறு வருஷத்தில் 90,000. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் என்றால் போக வர 80, வருஷத்துக்கு 24,000 ஆகிவிடும். ஆறு வருஷமாக வாடகைக்கு ஓடிய வண்டியில் 28,000 இருந்தால், "மத்த நாளெல்லாம் வண்டி எங்க நின்னுச்சு?" என்று கேளுங்கள். உண்மையிலேயே நின்றிருக்கலாம். கொரோனா காலத்தில் நின்ற வண்டிகள் உண்டு. ஆனால் அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் பக்கத்துத் தெருவில் விசாரித்தாலும் அதேபோல் வரவேண்டும்.

அடுத்து வண்டியைப் பாருங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடல் ரப்பரை மறந்துவிடுவார்கள். பிரேக், கிளட்ச் பெடலில் உள்ள ரப்பர் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். ஸ்டியரிங் பளபளப்பு, கியர் குமிழில் எழுத்து அழிந்திருப்பது, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கியிருப்பது, டிரைவர் பக்கக் கதவு தொங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் அந்த டயர் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. வண்டி 2017-ல் பதிவானது, மீட்டரில் 20,000 என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் 2022-ல் செய்தவை என்றால், அவ்வளவு சீக்கிரம் டயர் ஏன் மாற்றினார்கள்? இதைப் படிக்க மெக்கானிக் வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை போதும்.

சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். "தொலைஞ்சு போச்சு" என்பார்கள். பரவாயில்லை, சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.யில் வண்டி வந்தது என்று அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். மூன்று வருஷம் முன்னாலேயே 60,000 என்று பதிவாகியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கதவு ஓரத்திலோ இஞ்சின் பக்கத்திலோ ஆயில் மாற்றியபோது ஒட்டிய சின்னச் சீட்டு கிழிக்க மறந்து இருக்கும், அதிலும் கி.மீ. எழுதியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் கி.மீ. இருக்காது. எத்தனையாவது ஓனர் என்பதும், கடன் பாக்கி உள்ள வண்டியா என்பதும்தான் அதில் தெரியும். எஃப்.சி. இருக்கிறது என்றால், அன்றைக்கு அந்த வண்டி ஓடத் தகுதியாக இருந்தது என்று மட்டும்தான் பொருள்.

கடைசியாக இரண்டு மூன்று கி.மீ. ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத மீட்டர் என்ன காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை.

டிராக்டர் சங்கதி வேறு. அதற்கு கி.மீ. கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். பழைய மாதிரி டிராக்டரில் இந்த மணி மீட்டரும் இஞ்சினிலிருந்து வரும் கேபிளில்தான் ஓடுகிறது, ஆகவே அதே தில்லுமுல்லு இதிலும் உண்டு. நம் பக்கம் குறுவைக்கும் சம்பாவுக்கும் வாடகை உழவு ஓட்டுகிற வண்டி, ஒரு பட்டத்துக்கு 40 நாள், நாளைக்கு 10 மணி நேரம் என்றாலே வருஷத்துக்கு 800 மணி ஆகிறது. அஞ்சு வருஷ வண்டியில் 1,200 மணி என்றால் நம்பக் கூடாது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் உழைத்த வண்டி மேட்டு நில வண்டி மாதிரி இருக்காது. சக்கரத்தின் நடுவில் ஆயில் கசிகிறதா, டிரெய்லர் மாட்டுகிற ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டு தேய்ந்திருக்கிறதா, பின்னால் ரோட்டவேட்டர் மாட்டுகிற தண்டின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது காலையில் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நாம் போவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.

(அறுவடை மெஷின் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக் கணக்கில் காசு கொடுக்கும்போது மெஷின் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். வயலில் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் நம் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.)

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வருஷத்துக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான மீட்டரோடு விற்கப்படுவதாக அந்த நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. இலங்கையில் ஜப்பானில் ஓடிய கார்களைக் கப்பலில் கொண்டுவந்து விற்கிறார்கள். ஜப்பானில் ஏலம் விடும்போதே கி.மீ. எழுதிய ஏலச் சீட்டு ஒன்று போடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கார் வாங்கும் முன் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். பெல்ஜியம் என்ற சின்ன நாட்டில் 2006 முதல் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் கி.மீ.யைப் பதிவு செய்ய வேண்டும், விற்கும்போது அந்தப் பதிவுச் சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டப்படி, விற்பவர் மீட்டர் எண்ணை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் நாட்டில் மீட்டருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அவர்கள் சட்டமாகச் செய்வதை நாம் வழக்கமாகச் செய்யலாமே! விற்பனைக் கடிதத்தில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இன்றைய தேதியில் மீட்டரில் உள்ள இத்தனை கி.மீ. வண்டி உண்மையில் ஓடிய தூரம்; மீட்டர் மாற்றப்படவோ திருத்தப்படவோ இல்லை." தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சி. மீட்டரைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார். "அதெல்லாம் எதுக்குக்கா, நம்பிக்கை இல்லியா?" என்று இழுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் தீர்மானத்தை எழுதும்போது, இந்தக் கடிதத்தின் நகலைத் தீர்மான நோட்டோடு வைக்கும்படி ஊக்குநரும் பிரதிநிதியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. கடையில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? வியாபாரியிடம் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். "வாடகைக்கு ஓட்டத்தானே வாங்கினீங்க, நீங்க நுகர்வோர் இல்ல" என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்று வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. தனி ஆளிடம் வாங்கிய வண்டி என்றால் அது வியாபாரம் இல்லை, அதனால் நுகர்வோர் ஆணையம் எடுத்துக்கொள்வது கடினம். அப்போது மோசடி என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அந்தக் கையெழுத்துக் கடிதமும் சர்வீஸ் சென்டர் பதிவும்தான் நமக்குச் சாட்சி. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வண்டி விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.