பெருகினால்தான் பரவ முடியும்

சரியாக வேகாத முட்டையாலும் இறைச்சியாலும் வரும் சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு பெரும்பாலானோருக்குச் சில நாளில் தானாகவே அடங்கிவிடும். கிருமி குடலோடு நின்றுவிடுவதே அதற்குக் காரணம். அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. குடலோடு நிற்க வேண்டியது ஏன் உள்ளே போகிறது என்பதற்கு, சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான விடை தந்திருக்கின்றன. சால்மோனெல்லா டைபிமூரியம் என்ற வகையில், குரோமோசோமுக்கு வெளியே பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்று தனியாக இருக்கிறது. 2001இல் வெளியான முழு மரபணு வரிசையின்படி குரோமோசோமில் சுமார் 48.5 லட்சம் எழுத்துகள்; இந்த வளையத்தில் ஏறக்குறைய 94 ஆயிரம்தான். இவ்வளவு சிறிய பகுதியில்தான் நோயின் போக்கையே மாற்றும் ஆற்றல் இருக்கிறது.

1987இல் பால் குலிக், ராய் கர்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பிளாஸ்மிட் நீக்கிய கிருமியையும் நீக்காத கிருமியையும் சுண்டெலிகளுக்கு வாய்வழியே கொடுத்து ஒப்பிட்டார்கள். பிளாஸ்மிட் இல்லாதவையும் குடல் சுவரிலுள்ள பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திசுக்களுக்குள் நுழைந்தன. ஆனால் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் அவை மிகக் குறைவாகவே இருந்தன. குடலிலிருந்து வெளியேறும் வழியைப் பிளாஸ்மிட்தான் திறந்துவிடுகிறது என்று இதைப் பார்த்ததும் தோன்றும். அந்த முடிவு அவசரமானது என்பேன். மண்ணீரலில் கிருமி குறைவு என்றால் அது போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், சேர்ந்தபின் கொல்லப்பட்டிருக்கலாம், சாகாமலே மெதுவாகப் பெருகியிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து இம்மூன்றையும் பிரித்தறிய முடியாது.

குலிக்கும் டாயில் என்ற ஆய்வாளரும் 1993இல் இதைப் பிரித்துக் காட்டிய முறை மிக அழகானது. உடல் வெப்பத்தில் தன்னை நகலெடுக்க முடியாத வேறொரு பிளாஸ்மிட்டைக் கிருமிகளுக்குள் அடையாளமாக வைத்தார்கள். பாட்டி விட்டுப்போன ஒற்றை அட்டிகை, குடும்பத்தில் தலைமுறைகள் பெருகப் பெருக ஒரே ஒரு வாரிசிடம்தான் இருக்கும் அல்லவா, அதுபோல்தான் இதுவும். கிருமி ஒவ்வொரு முறை பிளவுபடும்போதும் அடையாளம் உள்ளவற்றின் விகிதம் பாதியாகும். எத்தனை முறை பெருகின என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். அடையாளம் உள்ளவற்றின் மொத்த எண்ணிக்கை குறைந்தால், அது கொல்லப்பட்டதால் வந்த இழப்பு. கணக்குப் பார்த்தபோது, வீரியப் பிளாஸ்மிட் (நோயின் போக்கை மாற்றும் அந்த முதல் வளையம்) உள்ளவை வேகமாகப் பெருகியிருந்தன என்பதே பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. மற்றவை கூடுதலாகக் கொல்லப்பட்டதால் வந்த வித்தியாசம் அல்ல அது. பத்து முறை கூடுதலாகப் பிளந்தாலே ஒரு கிருமி 1,024 ஆகிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், வளர்ச்சி வேகத்தில் உள்ள சிறு வேறுபாடு சில நாளில் எங்கே கொண்டுபோய் விடும் என்பது புரியும்.

இந்தப் பெருக்கத்துக்குக் களம், கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல். பிளாஸ்மிட்டில் உள்ள எஸ்பிவி மரபணுக்கள் அங்கேதான் விழித்துக்கொள்கின்றன. எஸ்பிவிபி என்ற புரதம், செல்லின் சட்டகமான ஆக்டின் இழையாகக் கோத்துக்கொள்வதைத் தடுக்கிறது. எஸ்பிவிசி, எச்சரிக்கையைக் கடத்தும் புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை மீண்டும் ஒட்ட முடியாதபடி கழற்றிவிடுகிறது. எஸ்பிவி பகுதி சுமார் 8 ஆயிரம் எழுத்துகள்தான். அதை மட்டும் திருப்பிக் கொடுத்தாலே, பிளாஸ்மிட் இழந்த கிருமிக்குச் சுண்டெலியில் வீரியம் திரும்பிவிடுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை லேசானவையும் அல்ல. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் பால்ப்-சி போன்ற சுண்டெலி இனங்களில், மேக்ரோஃபேஜுக்குள் கிருமியை அடக்கிவைக்கும் என்ராம்ப்1 மரபணு பழுதானது. பலவீனமான எலியில் கண்டதை எப்படிப் பொதுவாக்குவது என்று கேட்கலாம். ஆனால் அதே இன எலிக்குள் இரு கிருமிகளையும் ஒப்பிடும்போது வித்தியாசம் பிளாஸ்மிட்டால் வந்தது என்பதை இந்தப் பழுது மாற்றாது. அதோடு, கன்றுக்குட்டிகளைத் தாக்கும் சால்மோனெல்லா டப்ளினில் எஸ்பிவியை முடக்கியபோது, இயற்கையான அந்த விலங்கிலேயே நோய் உடல் முழுதும் பரவுவது தடைபட்டது. மனிதரிலும் மல மாதிரிகளைவிட ரத்த மாதிரிகளில் கிடைத்த டைபிமூரியத்தில் இந்தப் பிளாஸ்மிட் அதிகமாகக் காணப்பட்டதை 1992இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டைபாய்டு கிருமிக்கு இந்தப் பிளாஸ்மிட் இல்லை, ஆனாலும் அது பரவுகிறதே என்பது அடுத்த கேள்வி. அதற்கு வேறு கருவிகள் உண்டு. குடலைத் தாண்ட ஒரே வழிதான் என்று யாரும் சொல்லவில்லை. டைபிமூரியம் போகும் வழி இது, அவ்வளவுதான்.

எலியில் கண்ட இந்த விஷயம் ஆப்பிரிக்காவில் பெரிய கவலையாகிறது. எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களையும் மலேரியாவாலும் ஊட்டச்சத்துக் குறைவாலும் நலிந்த குழந்தைகளையும் எஸ்டி313 என்ற டைபிமூரியம் வகை ரத்தத் தொற்றாகத் தாக்குகிறது. மலாவியில் எடுத்த அதன் மாதிரி ஒன்றை ஆராய்ந்தபோது ஆம்பிசிலின், குளோராம்பெனிகால் போன்ற மலிவான மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் இதே வீரியப் பிளாஸ்மிட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தது 2009இல் தெரியவந்தது. எனவே அந்த மருந்துகளைக் கொடுக்கும்போது பிழைத்து நிற்பது, உடலுக்குள் பெருகுவதற்கான மரபணுக்களையும் சேர்த்து வைத்திருக்கும் கிருமிதான்.